‘லோட்’ என்ற சொல்லும் சோற்றுக் கடனும்

‘லோட்’ என்ற ஆங்கிலச் சொல்லைக் கேட்டறியாதவர் நம் நாட்டில் மிகச் சிலரே இருப்பர். நீதியரசரை அச்சொல்லால் விளிக்கும் வழக்கம் ஆங்கிலேயரோடு நம் நீதிமன்றங்களுக்கு வந்தது. ஆங்கில வழிபாடு நடைபெறும் தேவாலயங்களில் இறைவனையே அச்சொல்லால் அழைக்கின்றனர். வரலாற்றுப் பாடத்திலோ சோல்பரிப் பிரபு முதலானோரின் பெயர்களுக்கு முன்னே அது நின்றது. நீதி, தெய்வம், ஆட்சி என்னும் மூன்று பீடங்களிலும் ஒருங்கே அமர்ந்த சொல் இது. இதனை நாம் ‘பிரபு’ என்கிறோம், ‘ஆண்டவர்’ என்கிறோம், ஒரு காலத்தில் ‘துரை’ என்றும் கூறினோம். இம்மூன்றிலும் அதிகாரத்தின் தொனி உண்டு. உணவின் வாசனை எதிலுமே இல்லை.

ஆங்கிலச் சொல்லின் அடியிலே கிடப்பதோ பாண்.

ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னர் இங்கிலாந்தில் வழங்கிய பழைய ஆங்கிலத்திலே பாணுக்கு ‘ஹ்லாவ்’ என்று பெயர். இன்று ஓர் இறாத்தல் பாணைக் குறிக்கும் ‘லோவ்’ என்ற சொல் அதன் வழிவந்ததே. காவலனுக்கு ‘வேயார்ட்’ என்று பெயர். இரண்டும் சேர்ந்து ‘ஹ்லாவ்வேயார்ட்’, அதாவது பாண் காவலன், என்றாயின. அது ‘ஹ்லாவோர்ட்’ எனக் குறுகி, முதலெழுத்தின் மூச்சொலியை இழந்து, பின்னர் நடுவிலிருந்த மெய்யையும் இழந்து, ‘லோட்’ என்று ஓரசைச் சொல்லாய் நின்றது. இலத்தீன் மொழி தலைவனை வீட்டிலிருந்து பெயரிட்டது. ‘டொமினுஸ்’ என்பது வீட்டைக் குறிக்கும் ‘டொமுஸ்’ என்ற சொல்லின் உறவு. ஜெர்மன் மொழியின் ‘ஹெர்’ மூப்பைக் குறித்த சொல்லிலிருந்து பிறந்தது. ஆங்கிலம் ஒன்றுதான் அண்டை மொழிகளைப் பின்பற்றாது, தன் தலைவனை அடுக்களையிலே கண்டுபிடித்தது.

அவன் மனைவிக்கும் அதே அடுக்களையில்தான் பெயர் கிடைத்தது. ‘லேடி’ என்பது ‘ஹ்லேவ்டியே’ என்றிருந்தது. முற்பகுதி பாண்; பிற்பகுதி மாப்பிசைதலைக் குறிக்கும் வேரிலிருந்து வந்தது. ஆகவே சீமாட்டி என்பவள் பாணுக்கு மாப்பிசைபவள். (அந்த வேரே வடமொழியில் பூசுதலைக் குறிக்கும் ‘திஹ்’ என்ற வினையாயிற்று என்றும், ‘தேகம்’ என்ற சொல் அதன்வழி வந்ததென்றும் மொழிநூலார் கூறுவர். பிசைந்து உருவாக்கப்பட்டதே உடம்பு என்பது போலும்! பேக்கரியில் பிசையும் மாவும் நாம் சுமந்து திரியும் தேகமும் சொல்லளவில் உடன்பிறந்தவை என்பதைக் கேட்டால் நம் மாணவர் சிரிக்கத்தான் செய்வர்.)

இவ்விரு சொற்களையும் ஆங்கிலம் கற்பிக்கும் ஆசிரியர் பலர் அறிவர். சுவையான செய்தியென்று வகுப்பிலே சொல்லியும் இருப்பர். மூன்றாவது சொல்லொன்று உண்டு. அது இன்றைய ஆங்கிலத்திலே பிழைத்திருக்கவில்லை; ஆதலால் அதைப் பற்றி எவரும் பேசுவதில்லை. அச்சொல் ‘ஹ்லாவேற்றா’. பாண் தின்பவன் என்பது அதன் பொருள். தலைவன் வீட்டைச் சார்ந்து, அவன் ஏவிய வேலையைச் செய்து, அவன் கொடுத்த பாணைத் தின்று வாழ்ந்த பணியாளுக்கு வழங்கிய பெயர் அது.

காவலன், பிசைபவள், தின்பவன்: ஒரு வீட்டின் மாந்தர் மூவரையும் பாணைக் கொண்டே பெயரிட்டு முடித்துவிட்டது அம்மொழி. சற்று நின்று நோக்கினால் இதிலுள்ள விந்தை புலப்படும். நிலத்தை உழுதவன் எங்கே? விதைத்தவன் எங்கே? குளிரிலே களையெடுத்து, வெயிலிலே கதிரறுத்து, களத்திலே அடித்துத் தூற்றியவன் எங்கே? அவ்வேலைகளிற் பெரும்பங்கைச் செய்தவன் அந்தத் ‘தின்பவன்’தான். ஆனால் உழைத்தவன் தன் கைகளாற் பெயர் பெறவில்லை; வாயாற் பெயர் பெற்றான். பாணை ஆக்கியவனுக்குத் தின்பவன் என்ற பெயரும், ஆக்கிய பாணுக்கு முன்னே நின்றவனுக்குக் காவலன் என்ற பெயரும் வாய்த்தன. பின்வந்த நூற்றாண்டுகளின் பொருளியல் முழுவதும் இந்த ஒரு பெயர்மாற்றத்திலே வித்தாய்க் கிடக்கிறது என்று கூறினால் அது மிகையாகுமா?

‘தின்பவன்’ என்ற அச்சொல் நமக்குக் கிடைத்திருப்பது எங்கே என்பதையும் கூறவேண்டும். கெந்து நாட்டை ஆண்ட ஏதல்பேர்ட் என்னும் மன்னன் ஏறத்தாழ கி.பி. 600ஆம் ஆண்டளவில் இயற்றிய சட்டத்தொகுதியிலே அது காணப்படுகின்றது. ஆங்கில மொழியில் எழுதப்பட்ட சட்டங்களுள் நமக்குக் கிடைத்தவற்றிலே அதுவே மிகப் பழையது. உயிருக்கும் உறுப்புக்கும் விலைகூறும் சட்டம் அது. சுதந்திர மனிதனொருவனைக் கொன்றவன் 100 சில்லிங் ஈடு இறுக்கவேண்டும். குடியானவனொருவனின் பாண் தின்பவனைக் கொன்றவனோ 6 சில்லிங் கொடுத்தாற் போதும். அதே தொகுதியிலே இன்னுமொரு விதி உண்டு. அரசனுடைய பணிப்பெண்ணைக் கெடுத்தவனுக்கு 50 சில்லிங் தண்டம். அவள் மாவரைக்கும் அடிமையாயின் 25 சில்லிங். மாவரைக்கும் அடிமை! பாண் காவலனும் பாண் பிசைபவளும் ஆயிரம் ஆண்டுகளாகப் பட்டங்களாய் ஒளிவீச, அந்தப் பாணுக்கு மா அரைத்த பெண்ணை மொழி சட்டப் புத்தகத்தின் தண்டப் பட்டியலில் மட்டுமே நினைவு வைத்திருக்கிறது. அவளுக்கு நேர்ந்த கொடுமைக்கான பணமும் அவளைச் சேருவதற்கன்று. அவள் அரசனின் உடைமை.

நாம் ஒருபக்கமாகப் பேசுகின்றோம் என்று சிலர் கூறலாம். காத்தலும் ஒரு தொழிலன்றோ? அறுவடைக்கும் அடுத்த அறுவடைக்கும் இடையே நீண்டதொரு பனிக்காலம் கிடக்கும் நாட்டில், தானியத்தை எலியினின்றும் ஈரத்தினின்றும் கொள்ளைக்காரரினின்றும் காத்து, நாளுக்கு இவ்வளவென்று அளந்து கொடுத்தவன் இல்லையேல் மாசி மாதத்திலே அனைவரும் மடிந்திருப்பர் அல்லவா? இக்கேள்வி நியாயமானதே. மேற்கூறிய சட்டத்திலே குடியானவனுக்கும் பாண் தின்பவன் ஒருவன் இருக்கின்றான் என்பதை நோக்குக. அந்தச் சிறு வீட்டின் காவலன் தானும் ஏர்பிடித்தவனாகவே இருந்திருப்பான். தின்பவனோடு ஒரே பாணைப் பகிர்ந்தும் இருப்பான். சொல் பிறந்த வேளையிலே அது ஒரு வேலையின் பெயர். ஓரளவுக்கு நேர்மையான பெயரும் ஆகும். வேலையின் பெயர் பட்டத்தின் பெயராக மாறியபோதுதான் தொல்லை தொடங்கிற்று. காவல் என்பது கடமையாயிருந்த நிலை மாறி, காவலிலிருக்கும் பொருள் காவலனுக்கே சொந்தம் என்ற நிலை வந்தபோது, அவன் அளந்து கொடுத்த பாண் ‘பங்கு’ என்ற பெயரை இழந்து ‘கொடை’ என்ற பெயரைப் பெற்றது. கொடை என்றானபின் நன்றி வேண்டும். நன்றி வேண்டுமென்றானபின் நன்றி கொன்றவனுக்குத் தண்டனையும் வேண்டுமல்லவா?

அத்தண்டனையின் கடுமையை 9ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆண்ட அல்பிரட் மன்னனின் சட்டங்களிலே காணலாம். பெரும்பாலான குற்றங்களுக்கு முதன்முறை பணஈடு பெற்று மன்னிக்கலாம் என்று கூறும் அம்மன்னன், ஒரு குற்றத்தை மட்டும் விலக்கிவைக்கிறான். தன் ‘ஹ்லாவோர்ட்’டுக்குத் துரோகம் செய்தவனுக்கு இரக்கமே காட்டலாகாது. காரணம், கிறிஸ்துவைக் காட்டிக் கொடுத்தவனுக்கு இரக்கம் கிடைக்கவில்லையாம்! தின்பவனைக் கொன்றால் 6 சில்லிங். காவலனுக்கு எதிராகச் சதி செய்தால் உயிர். இறைவனுக்கும் பண்ணைத் தலைவனுக்கும் ஒரே சொல் வழங்கும் மொழியிலே இந்த வாதம் எத்துணை எளிதாக அமைந்துவிடுகிறது, பாருங்கள்.

‘ஹ்லாவ்வேயார்ட்’ என்ற சிதையாத முழு உருவம் எங்கே கிடைக்கிறது என்று தேடிய பொழுதுதான் எமக்குப் பெருவியப்பு ஏற்பட்டது. பழைய ஆங்கிலத்திற் செய்யுளாக மொழிபெயர்க்கப்பட்ட சங்கீதங்களில் ஓரிடத்திலே அது நிற்கிறது. எகிப்து மன்னன் தன் வீட்டுக்குத் தலைவனாக யோசேப்பை நியமித்ததைக் கூறும் இடம் அது. யோசேப்பை அன்றி வேறெவரை அப்பெயர் இத்துணைப் பொருத்தமாகச் சேரும்? யோசேப்பின் கதையை விவிலியத்தின் ஆதியாகமம் விரிவாகக் கூறுகின்றது. செழிப்பான ஏழு ஆண்டுகளிலே எகிப்தியரின் விளைச்சலில் ஐந்திலொன்றைச் சேர்த்துக் களஞ்சியங்களை நிரப்பினான் அவன். பஞ்சம் வந்தது. களஞ்சியங்களைத் திறந்தான், ஆனால் விலைக்கு. முதலில் மக்களின் பணமெல்லாம் மன்னனைச் சேர்ந்தது. பணம் தீர்ந்தபின் கால்நடைகளைக் கொடுத்தனர். அவையும் தீர்ந்தபின் நிலத்தையும், ஈற்றிலே தம்மையும் விற்றனர். பூசாரிகளின் நிலம் மட்டும் தப்பியது. அவர்களுக்கு மன்னன் படியளந்தான். அடிமைகளாகிவிட்ட அம்மக்கள் கடைசியில் யோசேப்பிடம் சொன்னது என்ன? எம் உயிரைக் காத்தீர் என்று நன்றி சொன்னார்கள்.

அத்தானியம் எவருடையது? விளைந்த காலத்திலே அவர்களுடைய வயல்களிலிருந்து எடுக்கப்பட்டதுதானே? அவர்கள் விளைவித்ததை அவர்களுக்கே விற்று, விலையாக அவர்களையே பெற்றுக்கொண்டு, அதற்கு நன்றியும் பெற்ற அந்தக் காரியத்தைப் பழைய கதையாசிரியன் ஒளிக்கவில்லை. ஒவ்வொரு படியாக, கணக்கெழுதுபவன் போல, நிதானமாக எழுதியிருக்கிறான். அவன் யோசேப்பைப் பழித்தான் என்று நாம் கூறமாட்டோம். ஆனால் படிப்பவன் கண்ணுக்கு எல்லாவற்றையும் காட்டிவிட்டான். யோசேப்பு இல்லையேல் அவர்கள் இறந்திருப்பர் என்பதும் உண்மை. யோசேப்பினால் அவர்கள் அடிமைகளாயினர் என்பதும் உண்மை. இவ்விரண்டு உண்மைகளையும் ஒருசேரப் பிடித்துக்கொண்டு நிற்பதுதான் கடினம். ஆண்ட வர்க்கங்கள் எக்காலத்தும் முதலாவதை மட்டுமே பாடநூலில் எழுதிவந்தன.

இங்கிலாந்தின் பாண் காவலர் பிற்காலத்திலே அப்பாணை எவ்வாறு காத்தனர் என்பதற்கு ஒரே எடுத்துக்காட்டுப் போதும். 1815ஆம் ஆண்டில், நிலப்பிரபுக்களின் செல்வாக்கு ஓங்கியிருந்த பாராளுமன்றம் தானியச் சட்டமொன்றை நிறைவேற்றியது. உள்நாட்டுக் கோதுமையின் விலை ஒரு குவாட்டருக்கு 80 சில்லிங்கை எட்டும்வரை பிறநாட்டுக் கோதுமை உள்ளே வரலாகாது. விலை உயர்ந்தால்தானே குத்தகை உயரும்! பட்டணத்துத் தொழிலாளியின் பாணுக்கு உண்மையாகவே காவல் போடப்பட்டது. 1846இல் அச்சட்டம் நீக்கப்பட்டபொழுது, அதற்காக வாதாடி வென்ற ஆலை முதலாளிகளைப் புதிய பாண் கொடுப்போர் என்று பலர் போற்றினர். மலிந்த பாண் மலிந்த கூலிக்கு வழியாகும் என்பதை 1848இல் பிரஸ்ஸல்ஸ் நகரிலே ஆற்றிய உரையில் மார்க்ஸ் எடுத்துக் காட்டினார். பழைய காவலன் போக, புதிய காவலன் வந்தான். தின்பவன் தின்பவனாகவே இருந்தான்.

ஆங்கிலேயர் நம் மலைநாட்டிலே கோப்பியும் பின்னர் தேயிலையும் பயிரிட்ட காலத்திலும் இதே அமைப்பு வந்து சேர்ந்தது. தோட்டங்களிலே தொழிலாளருக்கு அரிசி கொடுக்கப்பட்டது. அதன் விலை கூலியிற் கழிக்கப்பட்டது. அரிசி கொடுப்பது துரை என்றே பேச்சு. கழிக்கப்படும் கூலி எவருடையது என்பது பேச்சில் வருவதில்லை.

இவ்வளவும் ஒரு சொல்லைப் பற்றிய ஆராய்ச்சிதானா என்று கேட்பீர்களாயின், அன்று என்றே கூறவேண்டும். இச்சொல்லைத் தேடி நாம் அகராதியைப் புரட்டியதற்குக் காரணம் ஆங்கிலமே அன்று. நம் தமிழ் வகுப்பு. மட்டக்களப்புப் பகுதியிலுள்ள பாடசாலையொன்றிலே நாம் படிப்பித்துக்கொண்டிருந்தபொழுது, பாரதக் கதையிற் கர்ணன் தன் தாய் குந்திக்கு விடைகூறும் பகுதி பாடமாக வந்தது. தம்பியரோடு வந்து சேர் என்று தாய் அழைக்க, துரியோதனன் இட்ட சோற்றுக்குக் கடன்பட்டேன், அக்கடனைப் போர்க்களத்தில் உயிரால் இறுப்பேன் என்று கர்ணன் மறுக்கும் இடம். செஞ்சோற்றுக் கடன் என்ற தொடரைக் கரும்பலகையில் எழுதி, நன்றியறிதலின் சிறப்பை நாமும் உருக்கமாகவே விளக்கினோம். பின்வரிசையிலிருந்து ஒரு மாணவன் எழுந்தான்.

“அந்தச் சோறு ஆருடைய சோறு, சேர்?”

அவன் குறும்புக்காகக் கேட்கவில்லை. அவன் தந்தை ஒரு போடியாரின் வயலிலே வேலை செய்பவர். விதைப்புக் காலத்திலே வீட்டுச் செலவுக்கு நெல்லைப் போடியாரிடம் கடனாகப் பெற்று, சூடடித்தபின் கூடுதலாக அளந்து கொடுப்பார்கள் என்பதை அவனே பின்னொருநாள் எமக்குச் சொன்னான். ‘போடியாரின் சோற்றைத் தின்கிறோம், அவருக்கு எதிர்ப்பேச்சுப் பேசலாகாது’ என்று வீட்டிலே சொல்லி வளர்த்திருக்கிறார்கள். நாம் வகுப்பிலே சொன்னதும் அதுவேயாக அவனுக்குக் கேட்டிருக்கவேண்டும். நாம் என்ன செய்தோம்? ‘பாடத்தைக் கவனி’ என்றோம். பல்கலைக்கழகத்திலே தமிழ் கற்று, வர்க்கத்தைப் பற்றியும் சமுதாயத்தைப் பற்றியும் மேடைகளிற் பேசிய நாம், அக்கேள்விக்கு முன்னே பாடக்குறிப்பின் பின்னால் ஒளிந்துகொண்டோம். அந்த வெட்கத்திலே தொடங்கிய தேடல்தான் இது.

கர்ணனை நாம் இகழவில்லை. போட்டியரங்கிலே குலத்தைக் கேட்டு உலகம் அவனை அவமதித்தபொழுது, அவன் தோளிலே கை வைத்தவன் துரியோதனன் ஒருவனே. அந்தக் கடன் மெய்யான கடன். ஆனால் அது மதிப்புக்குப் பட்ட கடன்; மனிதன் மனிதனுக்குச் செய்த நன்மைக்குப் பட்ட கடன். அதைச் சோற்றுக் கடன் என்று ஏன் பெயரிட்டோம்? துரியோதனன் ஏர்பிடித்தவனல்லன். அத்தினாபுரியின் களஞ்சியத்தை நிரப்பிய உழவன் கதையில் எங்குமே பேசுவதில்லை. சோற்றுக்குக் கடன் என்றால் அக்கடனில் ஒரு பகுதியேனும் அவனைச் சேரவேண்டும்; அவனுக்காக உயிர்கொடுத்த கர்ணன் எவனும் இல்லை. உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்கிறோம். நினைக்கத்தான் வேண்டும். உப்பளத்திலே வெயிலில் நின்று வாரியவனை அப்பழமொழி உப்பிட்டவருள் ஒருவனாகக் கொள்கிறதா என்பதே எம் ஐயம்.

திருக்குறளில் 11ஆம் அதிகாரம் செய்ந்நன்றியறிதல். 104ஆம் அதிகாரம் உழவு. இரண்டையும் நாம் வெவ்வேறு தவணைகளிலே, ஒன்றுக்கொன்று உறவில்லாதன போலப் படிப்பிக்கின்றோம். நன்றி என்றால் கொடுத்தவன் முகத்தைப் பார்ப்பது. உழவு என்றால் நாட்டின் முதுகெலும்பு பற்றிக் கட்டுரை எழுதுவது. கொடுத்தவன் கைக்குப் பொருள் எப்படி வந்தது என்ற வினா இரண்டு அதிகாரங்களுக்கும் இடையிலே விழுந்து மறைந்துவிடுகிறது. நன்றியை ஒழிக்கவேண்டும் என்று கூறுவார் முற்போக்காளருள்ளும் சிலர் உளர். அவர்களோடு எமக்கு உடன்பாடில்லை. நன்றியில்லாத மனிதன் தோழனாகவும் இருக்கமாட்டான். நன்றியை முதற் கையிலே நிறுத்திவிடாது அதற்கு அப்பாலுள்ள கைகளுக்கும் கொண்டுசெல்லவேண்டும் என்பதே நாம் கேட்பது. அப்படிக் கொண்டுசெல்பவன் போடியாருக்கு எதிரே வாய்மூடி நிற்கவேண்டிய கட்டாயமில்லை. தன் தந்தைக்கு முன்னேதான் அவன் எழுந்து நிற்பான்.

அடுத்த ஆண்டு அதே பாடம் மீண்டும் வந்தது. அம்மாணவன் அப்பொழுது மேல்வகுப்புக்குச் சென்றுவிட்டான். நாம் செய்யுளைத் தொடங்குமுன் அவன் கேட்ட கேள்வியைக் கரும்பலகையின் உச்சியிலே எழுதினோம். அதற்குக் கீழே, இங்கிலாந்தில் ஒரு காலத்திலே பாண் காவலன், பாண் பிசைபவள், பாண் தின்பவன் என மூன்று பெயர்கள் வழங்கின என்றும் எழுதினோம். வேறெதுவும் கூறவில்லை. முன்வரிசையிலிருந்த சிறுமியொருத்தி கையுயர்த்தி, “மாவரைச்ச ஆளுக்கு என்ன பேர், சேர்?” என்றாள். ஏதல்பேர்ட் மன்னனின் சட்டத்தைச் சொன்னோம். அதிலும் அவளுக்குரிய பெயர் இல்லை, விலைதான் இருக்கிறது என்றோம். அதன்பின் எங்கள் வீட்டில் நெல் குற்றுவது ஆர், அவிப்பது ஆர், உங்கள் வீட்டில் ஆர் என்று வகுப்பே பேசத் தொடங்கிற்று. இரண்டு பாடவேளைகள் கழிந்தன. கர்ணன் தாய்க்குக் கூறிய விடை அந்த வாரத்திலே முடியவில்லை.